மரியாதைக்கு எழுந்தவர்களும் ஓட்டுக்கு எழுந்த ஒருவரும்

கதவு திறந்த சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது. கேட்காமல் இருக்குமா? அந்தக் கதவுக்குக் காவல் நின்றதே நான்தான்.

உள்ளே ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. "இல்லை என்போர் எழுந்து நிற்கலாம்" என்று சபாநாயகர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். ஆளும் கட்சி உட்கார்ந்திருந்த முதல் பகுதியில் ஒரே ஒரு பெண்மணி எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தலைவர் உள்ளே வந்தார், கூப்பிய கையோடு.

அவ்வளவுதான். தடதடவென்று முதல் பகுதி மொத்தமும் எழுந்துவிட்டது. மந்திரிகள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே எழுந்தார். மசோதாவைக் கொண்டுவந்த மந்திரி இருக்கிறாரே, காலையிலிருந்து தொண்டை வறள அதன் அருமை பெருமைகளைப் பேசியவர், அவரும் எழுந்து, குனிந்து, கும்பிட்டபடி நின்றார்.

சந்தன பவுடரும் வேர்வையும் கலந்த வாசனை ஒரு அலை மாதிரி என் பக்கம் வந்தது. கஞ்சி போட்ட வேட்டிகளின் சரசரப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிள்ளைகளே, விஷயம் புரிகிறதா? 'இல்லை' என்று ஓட்டுப் போடுகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டிய நேரம் அது. ஆளும் கட்சி தன் சொந்த மசோதாவை எதிர்த்து, ஒருவர் பாக்கியில்லாமல், பயபக்தியோடு எழுந்து நின்றது.

எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்று இந்த வாரமும் கேட்காதீர்கள். சொன்னால், உங்களுக்கு நான் எழுதுகிற இந்தக் கடிதத்தை வாராவாரம் போடும் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். அவர் விட்டால் வேறு யாராவது வெட்டுவார்கள். மெட்ராஸ் என்ற போர்டுகளை அழித்துச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையை எண்ணுகிற கலை

உங்கள் அப்பாவுக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரை. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஆள் உயரம். சபைக்குக் காவலர் வேண்டும் என்று வந்தபோது, என் மார்க்கைப் பார்க்கிறதற்கு முன்னால் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தைப் பார்த்தார்கள். வெள்ளை பேண்ட், வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பட்டன். உங்கள் அம்மா அதைத் துவைத்தே கை தேய்ந்தாள்.

சபையில் சட்டம் எப்படி நிறைவேறுகிறது என்று உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது படத்தில் இருக்கிற சபை. நான் நின்ற சபையில் தொண்டைதான் சட்டம் செய்யும். "ஆம் என்போர் ஆம் என்க" என்பார் சபாநாயகர். ஆம் என்று ஓர் இரைச்சல் வரும். "இல்லை என்போர் இல்லை என்க" என்பார். அங்கேயிருந்தும் வரும். எந்த இரைச்சல் பெரிசு என்று அவர் காதே முடிவு செய்யும். அவருடைய காது எப்போதும் ஆளும் கட்சிப் பக்கம் கொஞ்சம் கூர்மை.

அதை ஒத்துக்கொள்ள மாட்டோம், தலையை எண்ணு என்று எதிர்க்கட்சி கேட்டால், அதற்குப் பெயர் டிவிஷன். மணி அடிக்கும். கேண்டீனில் போண்டா தின்கிறவர், பாத்ரூம் போனவர் எல்லாரும் ஓடிவர வேண்டும். மணி நின்றதும் நாங்கள் கதவுகளைத் தாழ் போட வேண்டும். அப்புறம் ஈ எறும்பு நுழையக் கூடாது. எண்ணிக்கொண்டிருக்கும்போது ஆள் கூடினால் கணக்குக் கெட்டுவிடும் அல்லவா?

சபையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் 'ஆம்' என்பவர்கள் எழ வேண்டும். எந்த நாற்காலிக்காரர் எழுந்தார் என்று குமாஸ்தா குறித்துக்கொள்வார். அவர்கள் உட்கார்ந்ததும் 'இல்லை' என்பவர்கள் எழ வேண்டும். அதையும் குறிப்பார். இவ்வளவுதான். மனுஷனுக்கு எழவும் உட்காரவும் தெரிந்தால் போதும். தப்பே நடக்க வழியில்லை என்று யாரோ புத்திசாலி ஏற்பாடு செய்திருக்கிறார். பாவம், அவர் நம் ஊர்க்காரர் இல்லை போலிருக்கிறது.

எழுந்திருக்கும் வியாதி

தலைவர் வந்தால் எழ வேண்டும். நல்ல பழக்கம்தான். பெரியவர்கள் வந்தால் எழுந்திருங்கள் என்று உங்களுக்கும் நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவர்களுக்கு அது பழக்கமாக இல்லை, முட்டியில் இருந்தது.

தலைவர் போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுவார்கள். லாபியில் ஒரு உறுப்பினர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வளைந்து நின்றதை நானே பார்த்தேன். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, "லைன்ல போட்டாங்க, தலைவர் இன்னும் வரல" என்றார். வராத தலைவருக்கே அரைமணி.

ஒரு சமயம் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் பட்டன் வைத்துத் தருகிறோம், பச்சை அமுக்கினால் ஆம், சிவப்பு அமுக்கினால் இல்லை, சுவரில் விளக்கு எரியும், பிசகே வராது என்று பெட்டியைத் திறந்து காட்டினார்கள். டை கட்டின பையன் நன்றாகத்தான் விளக்கினான். மூத்த உறுப்பினர் ஒருவர் ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, தலைவர் ஒண்ணை அமுக்கினாருன்னா எங்களுது எல்லாம் தானா எரியுற மாதிரி வைக்க முடியுமா?"

அந்தப் பையன் சிரித்தான். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பெட்டி திரும்பிப் போய்விட்டது.

பிலோமினா அக்கா

இப்போது அந்தப் பெண்மணி. பெயர் பிலோமினா. எல்லாருக்கும் அக்கா. மந்தைவெளி, அடையாறு தெருக்களில் மீன் கூடை சுமந்து விற்றவர். உங்கள் அம்மா அவரிடம் மத்தி வாங்கியிருக்கிறாள், பேரத்தில் தோற்றும் இருக்கிறாள். நம் வீட்டு வாசலில் கூடையை இறக்கினால் தெருப்பூனை எல்லாம் ஆஜர்.

அவர் இருந்த கடற்கரை மீனவக் குப்பத்தில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பேர் வாங்கினார். அந்தப் பேரைப் பார்த்து ஆளும் கட்சி அவரைச் சுயேச்சையாக நிற்கச் சொல்லி ஆதரவு கொடுத்தது. ஜெயித்தார். சபையில் கூட்டணிக்காரர் என்று ஆளும் கட்சி வரிசையிலேயே இடம் கொடுத்தார்கள். கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் இல்லை என்பதால், கட்சி சொன்னபடிதான் ஓட்டுப் போட வேண்டும் என்ற சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதை யாரும் பெரிசாக நினைக்கவில்லை. மீன்காரம்மா என்ன செய்துவிடப்போகிறார்?

பிறகு வந்தது அந்த மசோதா. கடற்கரையை அழகாக்கும் மசோதா. மந்திரி பேச்சில் நடைபாதை, புல்தரை, விளக்கு, நீரூற்று எல்லாம் இருந்தன. குப்பம் மட்டும் இல்லை. கடலுக்குப் பக்கத்திலேயே நீரூற்று எதற்கு என்று நான் யோசித்தேன். காவலர் யோசிக்கக் கூடாது என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

மசோதா பாஸ் ஆகிவிடும் என்பது குப்பத்துக்கும் தெரியும். ஆள் பலம் அப்படி. ஆனால் அக்காவின் சொந்த அண்ணனே ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாராம்: "பாஸ் ஆவறது ஆவட்டும். அதுல உன் ஓட்டும் இருந்துச்சுன்னா, அப்பறம் குப்பத்துக்குள்ள கால வெக்காத. உனுக்கு இங்க வூடு இல்ல."

ஆகவே அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தோற்கப்போகிற 'இல்லை'களில் தன்னுடைய 'இல்லை'யும் ஒன்றாக ஏற வேண்டும். அது ஏறாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது.

தி.நகரில் ஒத்திகை

அந்த ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆளும் கட்சி உறுப்பினர்களுக்கு டிவிஷன் ஒத்திகை வைத்தார்கள். வைத்தவர் கொறடா. கட்சிக்காரர்கள் எப்போது எந்தப் பக்கம் எழ வேண்டும் என்று சொல்வதுதான் கொறடாவின் வேலை. எழுகிறது உட்காருகிறதைக் காட்டிக்கொடுக்க, சபையில் நின்று பழகின ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெரு கூட்டத்தில் நீந்தி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வாழைமரம். முந்தின நாள் கல்யாணத்தினுடையது. உள்ளே உறுப்பினர்கள் பாதிப்பேர் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கேசரி வாசனை அப்படி.

கொறடா மைக்கைப் பிடித்தார். "நான் கையைத் தூக்கினா எல்லாரும் ஆமுக்கு எழணும். இறக்கினா உக்காரணும்."

எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். இரண்டு மூன்று தரம் ஆனது. வடை வந்ததால் ஒரு தரம் தடைப்பட்டது.

அந்தச் சமயத்தில் மேடையில் வைப்பதற்காகத் தலைவர் படத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக வந்தார்கள். பெரிய படம், கண்ணாடி போட்டது. கொறடா கை தூக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. கையில் வடை வைத்திருந்தவர் வடையோடு கும்பிட்டார்.

கொறடாவுக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா ஏகாம்பரம், இதுதான்யா கட்டுப்பாடு!" என்று என் முதுகில் தட்டினார். நானும் தலையாட்டினேன். எனக்கும் கேசரி கொடுத்திருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து பிலோமினா அக்கா கேட்டார்: "ஆமுக்கு எப்ப எழணும்னு சொல்லிக் குடுத்தீங்க. இல்லைக்கு எப்ப எழணும், சார்?"

கொறடா சிரித்தார். "நம்ம பக்கத்துக்கு அது தேவைப்படாதும்மா."

"பட்டுச்சுன்னா?"

"படாதும்மா."

"அது எப்பிடி சார் தெரியும், இன்னும் நாளு வரலயே?"

கொறடா மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "அக்காவுக்கு இன்னொரு கேசரி வைங்கப்பா" என்றார்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நைனா, நீ சொல்லு. இல்லைக்கு எப்ப?"

"அவங்க எல்லாரும் ஆமுக்கு எழுந்து உக்காந்தப்புறம், சபாநாயகர் சொல்லுவாருக்கா. அப்ப எழுந்து நில்லுங்க. சேஷாத்ரி சார்னு குமாஸ்தா இருப்பாரு. அவர் பார்த்துக் குறிக்கற வரைக்கும் உக்காராதீங்க."

"அவ்ளோதானா? இதுக்கா இத்தினி கேசரி?"

சும்மா சாத்தி வை

அந்த நாள் வந்தது. குரல் ஓட்டில் மசோதா பாஸ் என்று சபாநாயகர் சொன்னதும், எதிர்க்கட்சி டிவிஷன் கேட்டது. மணி அடித்தது. எல்லாரும் ஓடிவந்தார்கள், தலைவரைத் தவிர.

மணி நின்றது. நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கொறடா பாய்ந்து வந்தார்.

"யோவ், என்ன பண்றே?"

"தாழ் போடறேன் சார். விதி."

"தலைவர் ரூம்லேர்ந்து கிளம்பிட்டாரு. தலைவர் மூஞ்சியிலயே தாழ் போடுவியா?"

"அப்ப மணிய இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கச் சொல்லுங்க சார்."

"மணி நின்னாச்சு. நீ சும்மா சாத்தி வை. தாழ் போட்ட மாதிரி நில்லு."

தாழ் போட்ட மாதிரி எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கதவும் என்னை மாதிரியே நின்றது.

முதல் பகுதியில் 'ஆம்' எழுந்தது. அக்கா உட்கார்ந்தே இருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தோளைத் தட்டினார். "யக்கா, தூங்கறியா? எழுந்திரு!"

"முழிச்சிக்கினுதான் கீறேன். நீ நில்லு."

'ஆம்' உட்கார்ந்தது. 'இல்லை' என்றார் சபாநாயகர். அக்கா எழுந்தார். கதவு திறந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

நிற்கிறவர்களை எழுது

எழுந்த கூட்டத்துக்கு நடுவில் அக்கா காணாமல் போய்விட்டார். குள்ளம். சுற்றிலும் வெள்ளைச் சட்டைகள். அவருடைய 'இல்லை' அந்தக் காட்டுக்குள் எங்கேயோ இருந்தது.

எதிர்க்கட்சி முதலில் திகைத்தது. பிறகு மேஜையைத் தட்டத் தொடங்கியது. "குறிச்சுக்கோங்க! இல்லைக்கு எழுந்திருக்காங்க! நன்றி! நன்றி!" என்று ஒரே கூச்சல். அங்கேயும் ஒருவர் எழுந்து கும்பிட்டபடி நின்றார். போன தேர்தல் வரை இந்தக் கட்சியில் இருந்தவர் அவர். ஆள் மாறிவிட்டார், கால் இன்னும் மாறவில்லை. பக்கத்திலிருந்தவர் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

சபாநாயகரே பாதி எழுந்துவிட்டார். பதவி ஞாபகம் வந்து, நாற்காலியில் குஷனைச் சரிசெய்கிற மாதிரி செய்து, மறுபடி உட்கார்ந்தார்.

சேஷாத்ரி சார் சிவப்புப் பென்சிலைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். மயிலாப்பூர்க்காரர், பரம சாது. முகம் வெளுத்திருந்தது.

"ஓய் ஏகாம்பரம், நான் என்னத்தைன்னு எழுதறது? நிக்கறவாளை எழுதுன்னு விதி. எல்லாரும்னா நிக்கறா!"

"எழுதாதீங்க சார். வேலை போயிடும்."

"எழுதலைன்னாலும் போயிடுமே ஓய்!"

கொறடா வரிசைகளுக்கு நடுவே ஓடினார். "உக்காருங்கய்யா! இது இல்லைய்யா! உக்காருங்க!" யார் உட்காருவார்கள்? தலைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் எழுந்து நிற்கும்போது பதிலுக்குக் கும்பிடாமல் உட்காரக்கூடாது என்று அவர் நின்றார். அவர் நிற்கும்போது உட்காரக்கூடாது என்று இவர்கள் நின்றார்கள். தலைவரை உட்காரச் சொல்லுகிற தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடையாது. மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைவருக்குக் கால் வலித்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். கட்சியும் உட்கார்ந்தது.

சபாநாயகர் தொண்டையைச் செருமினார். "மரியாதைக்காக எழுந்தது வாக்கு ஆகாது. முதல் பகுதி மறுபடி எண்ணப்படும்."

நியாயமான தீர்ப்பு. நான்கூட மனசுக்குள் பாராட்டினேன். அது யார் தலையில் விழப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொரு மரியாதை

மறுபடி 'ஆம்'. தலைவரும் எழுந்தார், கட்சி மொத்தமும் எழுந்தது. அந்த வரிசையில் தலைவர் நிற்கும்போது யாரும் உட்கார்ந்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. பிலோமினா அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னாலும் பின்னாலும் இருந்து "எழுந்திரு, எழுந்திரு" என்று சீறினார்கள். அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்தார். நெற்றியில் வேர்வை.

'ஆம்' உட்கார்ந்தது. 'இல்லை' என்றார் சபாநாயகர். அக்கா எழுந்தார். இந்தத் தடவை ஒளிந்துபோக வழியில்லை. அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் நின்றார். தலைவர் திரும்பிப் பார்த்தார்.

சேஷாத்ரி சார் பென்சிலைக் காகிதத்தில் வைக்கப் போனார். கொறடா எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, அவங்க மரியாதைக்கு நிக்கறாங்க. தலைவரை இப்பத்தான் நேருக்கு நேர் பார்க்கறாங்க. மரியாதைக்கு எழுந்தது ஓட்டு இல்லைன்னு தாங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க."

பென்சில் நின்றுவிட்டது. கட்சி மொத்தத்தையும் காப்பாற்றின தீர்ப்பு, ஒருத்தியின் ஓட்டைத் துடைக்கப் போகிறது.

சபாநாயகர் கேட்டார்: "உறுப்பினர் எதற்காக எழுந்திருக்கிறார்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் கொறடா அவர் பக்கம் சாய்ந்து, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்: "என்னக்கா, தலைவருக்கு மரியாதை தரலேன்னு சொல்லப் போறீங்களா?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! ஆமாம், மரியாதைக்குத்தான் நிற்கிறேன் என்றால் ஓட்டு போச்சு. குப்பத்து வீடு போச்சு. மரியாதைக்கு இல்லை என்றால், தலைவரைச் சபையிலேயே அவமதித்தவள் என்று வெளியே காத்திருக்கிற தொண்டர்களிடம் சொன்னால் போதும். எம்.ஏ. படித்த எத்தனையோ பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். எல்லாரும் தங்கள் மேஜையில் ஏதோ தொலைந்துவிட்ட மாதிரி குனிந்து தேடினார்கள்.

அக்கா நாற்காலியை விட்டு வெளியே வந்தார். விறுவிறுவென்று முன்வரிசைக்கு நடந்தார். என் கூட்டாளிக் காவலன் ஒருவன் தடுக்கப் போனான். நான் கண்ணைக் காட்டினேன், நின்றுவிட்டான். தலைவருக்கு எதிரே போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.

"வணக்கம் தலைவரே. முன்ன நீ வந்தப்போ கூட்டத்துல சரியா கும்புட முடியல. அதுக்கும் சேத்து."

தலைவர் பழக்க தோஷத்தில் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டார்.

அக்கா சபாநாயகர் பக்கம் திரும்பினார். "மரியாத முட்ச்சிட்டேன் சார். பாக்கி இல்லயே?"

சபாநாயகர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு விதி இருந்திருக்காது. "இல்லை" என்றார்.

அக்கா திரும்பி நடந்து, தன் நாற்காலிக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மீன் விலையைக் குறைக்க மாட்டேன் என்று நம் வாசலில் நிற்பாரே, அதே மாதிரி.

"இப்ப நிக்கிறேன் பாரு, இது ஓட்டு. எழுதிக்கோ சாமி."

சேஷாத்ரி சார் தலைவரைப் பார்க்கவில்லை, கொறடாவைப் பார்க்கவில்லை. குனிந்து குறித்தார். குறித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியை அக்காவிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மசோதா நிறைவேறியது. மேஜைகளைத் தட்டினார்கள். கொறடா மட்டும் தட்டவில்லை. அவசரமாக வெளியே போனார்.

கடற்கரைச் சாலை பஸ்

சாயங்காலம் என் டியூட்டி முடிந்து வாசலுக்கு வந்தேன். அக்கா படியில் நின்று அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டணிக்காரர் என்பதால் கட்சி அவருக்கு ஒரு வெள்ளை அம்பாசடரும் டிரைவரும் கொடுத்திருந்தது. அந்தக் கார் நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெய் மட்டும் இருந்தது.

"டிரைவர் தம்பியக் காணமே, நைனா. டீ குடிக்கப் போயிருப்பானோ?"

வாசல் போலீஸ்காரர் சொன்னார்: "கொறடா வந்து ஏதோ சொன்னாரு. வண்டி அப்பவே கிளம்பிடுச்சும்மா."

நான் மந்தைவெளிக்குப் போக வேண்டியவன், அக்கா குப்பத்துக்கு. இரண்டுக்கும் கடற்கரைச் சாலை வழியாகப் போகிற ஒரே பஸ். ஏறினோம். எம்.எல்.ஏ. என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் மட்டும், "மீன் கூடை இருந்தா பின்னாடி வைம்மா" என்றார்.

ஜன்னலில் உப்புக்காற்று அடித்தது. அக்காவின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பேப்பர்ல என் பேரு வருமா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா. மொத்தக் கணக்குதான் போடுவாங்க."

"அப்ப எங்க ஜனங்க எப்பிடி நம்பும்? எல்லாரும் எழுந்தாங்க, நானும் எழுந்தேன், திருப்பி எண்ணுனாங்க... நான் சொன்னா எனுக்கே நம்பிக்கை வரலயே. எங்கண்ணன் நம்புவானா?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ கதவுல நின்னுக்கினு பாத்தே இல்ல? வந்து ஒரு வார்த்த சொல்லு நைனா. நீ கவர்மெண்டு ஆளு, உன் கோட்டுக்கு மரியாத உண்டு."

உள்ளே நடப்பதைக் காவலர் வெளியே பேசக் கூடாது. உங்கள் ஸ்கூல் பீஸ், வீட்டு வாடகை எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. ஆனாலும் குப்பத்து ஸ்டாப்பில் அக்கா இறங்கியபோது நானும் இறங்கினேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். 'நான் நேரில் கண்டது என்னவென்றால்' என்று ஆரம்பிப்பதாக உத்தேசம்.

ஸ்டாப்பை ஒட்டிப் பெண்கள் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் அண்ணன் வலையை மடியில் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலிருந்து அக்கா இறங்குவதை முதலில் பார்த்தது அவருடைய மனைவி மேரிதான். கையிலிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டாள்.

"இன்னா யக்கா, பஸ்ல வர?"

"கார் போயிட்ச்சு."

"போயிட்ச்சுன்னா?"

"எடுத்துக்கினாங்க."

மேரி எழுந்து, இடுப்பில் கை வைத்து, கடைசிப் பலகை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: "ஏய்! அக்கா கார் இல்லாம வந்துக்கீதுடி! இல்லைன்னு போட்ருச்சு!"

"இன்னாது?"

"கார புடுங்கிக்கினானுங்களாம்டி! ஆமான்னு போட்டிருந்தா கார்லயே வந்திருக்கும்ல!"

பலகைகள் எல்லாம் சிரித்தன. யாரோ அக்காவைத் தோளோடு இடித்தார்கள். அண்ணன் மடியிலிருந்த வலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, தன் பக்கத்தில் கல்லில் இடம் பண்ணினார். அக்கா போய் உட்கார்ந்தார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். சாட்சியை யாரும் கூப்பிடவில்லை. கடைசிப் பலகைக்காரி மட்டும் என் பித்தளைப் பட்டன்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா நைனா, ரொம்ப நேரமா நிக்கிற. சங்கரா மீனு வேணுமா, வேணாமா?"